சொந்த மோடமும் சுவர் தாண்டிய வயரும்

ரிட்டையர் ஆன பிறகாவது நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்னலாம் என்று பார்த்தால் எங்கே விடுகிறார்கள்? தட்டில் கை வைத்ததும் போன் அடிக்கிறது. எடுத்தால், "தனமக்கா, எந்த மோடம் வாங்கட்டுங்க?"

விஷயம் இதுதான். நாமக்கல்லில் நான் வேலை பார்த்த கேபிள் இன்டர்நெட் கம்பெனி இப்போது ஒரு அறிவிப்பு விட்டிருக்கிறது. வாடகை மோடம் வேண்டாம் என்பவர்கள் தாங்களே வெளியில் வாங்கி மாட்டிக்கொள்ளலாமாம். என்ன தாராள மனசு என்று ஊரே மெச்சுகிறது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் குறுகுறுவென்று இருக்கிறது. யாராவது கொண்டு வந்தால் வேறு வழியில்லாமல் மாட்டிக்கொடுத்தாலும், வெளி மோடம் என்றாலே இத்தனை வருஷம் முகத்தைச் சுளித்தவர்கள் இன்றைக்கு ஏன் இப்படிக் குழைகிறார்கள்? கையிருப்பில் இருக்கிற வாடகை மோடமெல்லாம் பழசாகியிருக்கும், புதுசு வாங்கிப்போட மனசு வந்திருக்காது. நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு இப்படித்தான் தோன்றும். என் வேலை என்னை அப்படிப் பழக்கிவிட்டது.

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண்கள், வாடிக்கையாளர் வந்தால் என்ன கேட்க வேண்டும், எதை நம்ப வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எதை நம்பக் கூடாது என்று வேண்டுமானால் எழுதுகிறேன் என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும், போகப் போகத் தெரியும்.

நான் பார்த்தது ஆக்டிவேஷன் வேலை. ஒரு வீட்டுக்கு வயர் இழுத்து மோடத்தை மாட்டிவிட்டால் மட்டும் நெட் வந்துவிடாது. மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இது இன்னாருடைய மோடம், இன்ன பிளான் என்று பதிய வேண்டும். அதற்கப்புறம்தான் விளக்கு எரியும். அந்தப் பதிவைப் போடுகிற ஆள் நான். பயிற்சி என்று சேலத்தில் ஒரு ஏசி அறையில் உட்கார வைத்துப் படம் படமாகக் காட்டினார்கள். பாதி புரியவில்லை, மீதி குளிரில் தூக்கம் வந்துவிட்டது. உண்மையில் வேலை கற்றது ராஜமாணிக்கம் சாரிடம்.

சார் எங்கள் மேனேஜர், வாழப்பாடிக்காரர். எங்கள் பக்கத்து ஆட்கள் மாதிரி வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுக் குழைய மாட்டார். ஆனால் மரியாதையில் ஒரு குறையும் இருக்காது. புகார் சொல்ல வருகிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். டீ சொல்வார். என்ன சொன்னாலும் "அப்படியா" என்பார். வந்தவர் நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொள்வார். அப்புறம் மழை, முட்டை விலை, லாரி ஓட்டம் என்று ஊர்க்கதை போகும். நடுவில், முதலில் கேட்ட அதே கேள்விக்கு வேறு சட்டை மாட்டி மறுபடி கேட்பார். வந்தவர் முதலில் சொன்ன பதிலை மறந்திருந்தால் தொலைந்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கோபப்படுகிற ஆளாக இருந்தால் எதிர்த்து நாலு வார்த்தை பேசலாம். இவரிடம் என்ன பேசுவது?

யாராவது சொந்தமாக மோடம் வாங்கி வந்தால் டப்பாவை அவர் தொடவே மாட்டார். "டப்பாவை எழுதினவன் விக்கிறவன். அடியில ஒட்டினவன் செஞ்சவன்" என்பார். மோடத்தை எடுத்துக் கவிழ்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒட்டுத்தாளை எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார், ஒன்றின் மேல் ஒன்று ஒட்டியிருக்கிறதா என்று. அப்புறம் பின்பக்கம். கேபிள் மோடம் என்றால் வயரைத் திருகி மாட்டுகிற உருண்டை முனை இருந்தே ஆக வேண்டும். போன் லைன் மோடத்துக்குச் சின்னச் சதுர ஓட்டை, கண்ணாடி இழை லைனான ஃபைபருக்கு முனையே வேறு. டப்பாவுக்குள் இருக்கும்போது மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். சாமான் கடைக்காரனும் மூன்றுக்கும் ஒரே பதில்தான் சொல்வான்: "இது எல்லாத்துக்கும் வருமுங்க."

அதற்கடுத்துதான் பிளான் என்ன என்று கேட்பார். கேபிளில் நெட் வருகிற முறைக்கு டாக்சிஸ் என்று பெயர். அதில் 3.0, 3.1 என்று தலைமுறை உண்டு. சின்ன பிளானுக்கு எட்டு சேனல், அதாவது நெட் வருகிற எட்டு வழி, போட்ட 3.0 மோடமே தாங்கும். பிளான் பெரிசாகப் பெரிசாக, தண்ணீருக்கு மடை கூட வேண்டியிருப்பது மாதிரி சேனலும் கூட வேண்டும். இன்னும் மேலே போனால் 3.1. டப்பாவில் கொட்டை எழுத்தில் 1200 என்று போட்டிருப்பது வீட்டுக்குள் வைஃபை ஓடுகிற வேகம். வயரில் வருவது உங்கள் பிளானில் உள்ளதுதான், ஒரு இம்மிகூட அதிகம் வராது. இதைச் சொன்னால் நாங்கள் ஏமாற்றுகிறோம் என்பார்கள். கடைசியாக, கம்பெனி ஏற்றுக்கொள்கிற மாடல்களில் அது உண்டா என்று பார்ப்போம். இல்லையென்றால் எவ்வளவு நல்ல மோடமானாலும் எங்கள் கம்ப்யூட்டர் அதை உள்ளே விடாது. ஆகவே முதலில் கம்பெனியைக் கேளுங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள். ஊரில் எல்லாரும் இதைத் தலைகீழாகத்தான் செய்வார்கள்.

முட்டை வியாபாரி ஒருவர் பெங்களூரிலிருந்து ஒன்றை வாங்கி வந்தார். நாலா பக்கமும் ஆன்டெனா நீட்டிக்கொண்டு பார்க்கவே பயமாக இருந்தது. அது மோடமே இல்லை, வந்த நெட்டை வீட்டுக்குள் பரப்புகிற வெறும் ரவுட்டர். சார் கவிழ்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "எங்க வயரை இதுல எங்க மாட்டறது?" என்று கேட்டார். வியாபாரி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, "அத நீங்கதானுங்க சொல்லோணும்" என்றார். வாடகை போய்விடும் என்றுதான் நாங்கள் மறுக்கிறோம் என்று அவருக்கு எண்ணம். முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது. வாடகை மோடத்தைத் தள்ளிவிடச் சொல்லி எங்களுக்கு மேலிடத்திலிருந்து நச்சரிப்பு உண்டு. கடைசியில் வாடகை மோடம் ஒன்றை மாட்டி, அதற்குப் பின்னால் அந்த ஆன்டெனாக் கூட்டத்தையும் மாட்டிக் கொடுத்தோம். இன்றைக்கும் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இன்னொருவர் திருச்செங்கோட்டுக்காரர், புது மோடம் என்று கொண்டு வந்தார். எண்ணைப் போட்டதும் கம்ப்யூட்டர் சேலத்தில் யாரோ ஒருவர் பெயரைக் காட்டுகிறது. சார் ஓரத்தைச் சுரண்டினார், மேல் தாள் உரிந்து வந்தது. பழைய மோடம் விற்பவனிடம் மாட்டியிருக்கிறார் மனுஷன். அவரைத் திருடன் மாதிரி நாங்கள் பார்க்க, எங்களைத் திருடர்கள் மாதிரி அவர் பார்க்க, டீ ஆறிப்போனதுதான் மிச்சம். செகண்ட் ஹேண்டில் மோடம் வாங்காதீர்கள். பழைய சொந்தக்காரர் விடுவிக்காத வரைக்கும் அது அவர் பெயரிலேயேதான் உட்கார்ந்திருக்கும்.

இப்படி எத்தனையோ. ஆனால் இன்னும் என் மனசை விட்டுப் போகாதது நிவேதா என்ற பெண்ணின் விஷயம்தான்.

ஊருக்கு வெளியே, தோட்டத்தை ஒட்டின வீடு. மாமனார் பொன்னுசாமி விவசாயி. மாமியார் தவறிவிட்டார். புருஷன் போர்வெல் வண்டியோடு வடக்கே போய்விட்டான், வருஷத்தில் பாதி நாள் அங்கேதான். மாமனாரும் மருமகளும் மட்டும் இருக்கிற வீடு. நிவேதா படித்த பெண். லண்டன் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் நோயாளியோடு பேசுவதை இங்கிருந்தபடியே கேட்டு, அப்போதைக்கப்போது குறிப்பெழுதிக் கொடுக்கிற வேலை. நமக்கு மத்தியானம் ஆகும்போது அவர்களுக்குக் காலை. சோத்து நேரத்தில் ஆரம்பித்துப் பொழுது சாய்கிறவரை வேலை. அதிலும் அவள் சோதனைக் காலத்தில் இருந்தாள், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

மத்தியானம் ஆனால் நெட் அறுந்துவிடுகிறது என்று முதலில் வந்தாள். வீட்டில் இருந்தது எங்கள் வாடகை மோடம், பழையது. அவளுக்கு எங்கள் மேல் சந்தேகம். எங்கெங்கோ படித்துப் பார்த்து, பிளானுக்குத் தகுந்த மாதிரி, எங்கள் மாடல் பட்டியலையும் கேட்டு வாங்கி, புது மோடம் ஒன்று வாங்கி வந்தாள். நானும் எப்படியாவது ஒரு குற்றம் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சேனல் சரி, தலைமுறை சரி, ஒட்டுத்தாள் சரி. இவ்வளவு சரியாக ஒருத்தர் வாங்கி வந்தால் அதுவே எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் பதிவு போட்டுக் கொடுத்தேன்.

புது மோடத்திலும் மத்தியானம் அறுந்தது. முன்னைக்குப் பரவாயில்லை, சில நாள் தட்டுத்தடுமாறித் தாங்கும், சில நாள் சுத்தமாக அறுந்துவிடும். சார், "வெளி மோடம், அதான்" என்றார். லைன்மேன் செல்வம் போய்ப் பார்த்தான். கம்பத்தில் சிக்னல் நன்றாக இருக்கிறது, வீட்டுக்குள்ளும் நன்றாக இருக்கிறது என்று வந்து சொன்னான். அவன் போவது காலையில். காலையில் அங்கே ஒரு கோளாறும் இருக்காது. போகும்போதெல்லாம் கம்பெனி விதிப்படி, இந்த இணைப்பிலிருந்து வேறு வீட்டுக்கு வயர் போகிறதா என்று பொன்னுசாமியைக் கேட்டிருக்கிறான். எங்கள் ஊட்டைத் தாண்டி ஒரு அடி வயர் கூடப் போகவில்லை என்று அவர் அடித்துச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த முறை நிவேதா வந்தபோது முகமே சரியில்லை. என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, எங்க மாமாதானுங்க ஏதோ பண்றாரு. அவரு தோட்டத்துல இருந்து சோத்துக்கு வாரப்பத்தான் நெட்டு போகுது. நான் வேலைக்குப் போறது அவருக்குப் புடிக்கலீங்க."

"நீ பாத்தியா சாமி?" என்றேன்.

"பாக்கலீங்க. ஆனா அவரு மோடத்தையே பாத்துட்டு நிக்கறாருங்க. இந்த வாரத்துல இன்னொருக்கா அறுந்துச்சுன்னா வேல இல்லீன்னு சொல்லிட்டாங்க. வேல போச்சுன்னா நான் எங்கம்மா ஊட்டுக்கே போயிருவேன். எம் பொழப்பக் கெடுத்தவரு மூஞ்சியில தெனமும் முழிச்சுட்டு அந்த ஊட்டுல என்னால இருக்க முடியாதுங்க."

அழவில்லை. அழுதிருந்தால் கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். பெட்டி கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. வேலையோடு ஒரு குடும்பமும் போகப் போகிறது.

பெண் தனியாக இருக்கிற வீட்டுக்கு மத்தியான நேரத்தில் லைன்மேனை மட்டும் அனுப்பினால் அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதனால் கூடவே ஒரு பொம்பளையையும் அனுப்புவது எங்கள் ஆபீஸ் பழக்கம். அப்படி அன்றைக்கு நான் செல்வத்தோடு போனேன். அடிக்கடி வருகிற புகார் என்பதால் சாரும் பின்னாலேயே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

செல்வம் கம்பத்தில் ஏறினான். நிவேதா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். நான் கூடத்தில் மோடத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். டிவி படமும் நெட்டும் ஒரே வயரில்தான். நெட் வீட்டுக்கு வருவதும் இங்கிருந்து மேலே போவதும் அதிலேயேதான். வருவதற்கு ஒரு விளக்கு, போவதற்கு ஒரு விளக்கு. போகிற வழிதான் வம்பு பிடித்தது. எல்லா வீட்டுச் சாக்கடையும் ஒரே கால்வாயில் சேர்வது மாதிரி, அந்த வயரில் எங்கே ஒரு மட்டமான சாமான் மாட்டியிருந்தாலும் அதன் இரைச்சல் எல்லாம் அந்த வழியில் வந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் அந்த விளக்கு சிமிட்டும்.

பொன்னுசாமி தோட்டத்திலிருந்து வந்தார். "வாங்க அம்மணி" என்றார். கைகால் கழுவிக்கொண்டு, தானே சோறு போட்டுக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் சோறு, இடுப்பில் துண்டு, அவ்வளவுதான். சுவிட்ச் பக்கம் கூடப் போகவில்லை. விளக்கு நிதானமாக எரிந்தது. இந்தப் பெண் வீணாகப் பெரியவர் மேல் பழி போடுகிறாளோ என்று எனக்கு அவள் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

அப்போது பக்கத்து வீட்டில் டிவி போட்டார்கள். செய்தி வாசிக்கிற சத்தம் கேட்டது. அதே நேரம் மேலே போகிற விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. அறைக்குள் நிவேதா, "டாக்டர், டாக்டர், கேட்கிறதா?" என்று இங்கிலீஷில் பதறினாள்.

நான் பொன்னுசாமியைப் பார்த்தேன். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. மோடத்தைப் பார்த்தார், அப்புறம் டிவி சத்தம் வருகிற சுவரைப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்ததும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அந்தப் பக்கத்து வீடு யாருடையது என்று எனக்குத் தெரியும். அவருடைய கூடப்பிறந்த தம்பி நாச்சிமுத்துவின் வீடு. தோட்டத்துக்குப் போகிற தடம் யாருக்கு என்று பாகம் பிரித்த காலத்தில் மூண்ட சண்டை. கோர்ட்டுக்குப் போனது, தடத்தில் முள் வெட்டிப் போட்டது, அம்மா செத்தபோது அண்ணனும் தம்பியும் தனித்தனியாக நின்று மொட்டை அடித்துக்கொண்டது எல்லாம் அந்தப் பக்கம் குழந்தைக்குக்கூடத் தெரியும். எதிரே வந்தால் ஒருத்தர் நின்று மற்றவர் போன பிறகுதான் நடப்பார்கள். செல்வமும் அதே ஊர்க்காரன்தான். வீட்டைச் சுற்றி எத்தனையோ முறை தேடியவன், அந்தச் சுவரை மட்டும் எட்டிப் பார்க்கவே இல்லை. அந்த வீட்டுக்கு இந்த வீட்டிலிருந்து பச்சைத் தண்ணி போகாது, வயரா போகும்?

கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போனேன். சுவர் ஓரமாகச் சொட்டுநீர்க் குழாய் ஓடியது. தோட்டக்காரர் வீடு, குழாய் ஓடுவதில் அதிசயம் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் ஒரு செடி கூட இல்லை. குழாய்க்கு அடியில் மண் பொரியாகக் காய்ந்து கிடந்தது. தண்ணீர் தொட்டிக்குப் பக்கத்தில் தென்னை மட்டைக் குவியலுக்குள்ளிருந்து கிளம்பி, சுவரின் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. தடவிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் இல்லை, கெட்டியாக இருந்தது. கேபிள் வயர்.

திரும்பினால் பொன்னுசாமி நிற்கிறார். எச்சில் கையைக் கூடக் கழுவவில்லை.

என்னங்கய்யா இது என்றேன். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது. நாச்சிமுத்து லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வேலை. போன மழைக்காலத்தில் பாடி மேலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையாகிவிட்டான். பெண்டாட்டி மில்லு வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். மத்தியானம் வந்து சோறு ஊட்டி, டிவியைப் போட்டு, சுவிட்ச் பெட்டியை அவன் கைக்கெட்ட வைத்துவிட்டு மறுபடி ஓடுவாள். அவர்கள் வீட்டு கேபிள் அறுந்து போய், படுத்தவன் நாள் முழுக்க மோட்டுவளையைப் பார்த்துக் கிடக்கிறான் என்று பொன்னுசாமி கேள்விப்பட்டார். ஒருநாள் யாரும் இல்லாதபோது இவரே தன் வீட்டு கேபிளில் ஒரு கிளை பிரித்துக் குழாய்க்குள் விட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டார். படம் மங்கலாகத் தெரியும் என்று டிவி கடையில் மலிவாக ஒரு பூஸ்டர் வாங்கி, அதையும் வயர் முனையில் கட்டித் தொங்கவிட்டார். மறுநாள் பார்த்தால் அந்தப் பக்கம் வயரை யாரோ உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பேசிட்டீங்களா தம்பிகிட்ட?" என்றேன்.

"எப்படீங்க அம்மணி பேசறது? நான் போட்டேன்னு நானும் சொல்லல. கெடச்சுதுன்னு அவனும் சொல்லல."

அந்த மலிவு பூஸ்டர்தான் வில்லன். டிவியோடு சேர்ந்து அதுவும் ஓட ஆரம்பித்தால் இரைச்சலை எல்லாம் வயரில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. பொன்னுசாமிக்கு அந்த விவரம் தெரியாது, ஆனால் டிவி சத்தமும் மருமகளின் பதற்றமும் ஒன்றாக வருவது கொஞ்ச நாளாகவே உறைத்திருக்கிறது. வயரை எடுத்தால் தம்பி சுவரைப் பார்த்துக் கிடப்பான், எடுக்காவிட்டால் மருமகள் வீட்டை விட்டுப் போய்விடுவாள். மனுஷன் மோடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது இதனால்தான். எனக்குக் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது?

உள்ளே அவள் குரல் விட்டு விட்டுக் கேட்டது. இன்னும் அறவில்லை. பழைய வாடகை மோடமாக இருந்திருந்தால் எப்போதோ செத்திருக்கும். அவள் பார்த்துப் பார்த்து வாங்கிய மோடம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

எட்டி ஒரு குரல் கொடுத்து டிவியை நிறுத்தச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அங்கேதான் சிக்கல். வேறு வீட்டுக்கு வயர் போவதை நாங்கள் கண்டுபிடித்தால் அது திருட்டு. இணைப்பை அங்கேயே துண்டிக்க வேண்டும், மறுபடி அந்த வீட்டுக்குக் கொடுக்கவே கூடாது. வாடிக்கையாளரே வாயைத் திறந்து சொன்னால் அது பிழை, திருத்திக்கொடுக்கலாம். இது ராஜமாணிக்கம் சார் கறாராகப் பிடித்து வைத்திருந்த விதி. நான் வாயைத் திறந்தால் நிவேதாவின் வேலை இன்றைக்கே போச்சு.

"ஐயா, எங்க சாரு வர்றாரு. கேப்பாரு. நீங்களே சொல்லீருங்க" என்றேன்.

அவர் சுவரைக் காட்டினார். "அவனுக்குக் கேக்குமே அம்மணி. நான் போட்டதுன்னு தெரிஞ்சா புடுங்கி எறிஞ்சுருவான். ரோசக்காரன்."

வாசலில் பைக் சத்தம் கேட்டது. சார் நேராகப் பின்பக்கமே வந்துவிட்டார். இந்த மனுஷனுக்கு மட்டும் எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ! என்னைப் பார்த்தார், பொன்னுசாமியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. தோட்டத்தில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தார். மரவள்ளி என்றார் பொன்னுசாமி. மழை எப்படி என்றார். அப்புறம், சாதாரணமாகக் கேட்பது மாதிரி, "வேற யார் வீட்டுக்காவது லைன் போகுதா பெரியவரே?" என்றார்.

பொன்னுசாமி தொட்டிப் பக்கம் போய் எச்சில் கையைக் கழுவ ஆரம்பித்தார். உள்ளே நிவேதா, "ஒரு நிமிஷம் டாக்டர், ஒரே நிமிஷம்" என்று கெஞ்சுவது கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சொல்லித் தொலையேன் மனுஷா என்று உள்ளுக்குள் திட்டினேன்.

சார் குனிந்து செருப்பிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, மருமகள் வேலை எல்லாம் எப்படிப் போகிறது என்று விசாரித்தார். அப்புறம், "இங்கிருந்து எதுவும் வெளிய போகலையே?" என்றார்.

பொன்னுசாமி அறை ஜன்னலைப் பார்த்தார். அவள் குரல் உடைந்து உடைந்து வந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போகுதுங்க" என்றார். மெல்லத்தான் சொன்னார். அப்புறம் என்ன நினைத்தாரோ, சுவர்ப் பக்கம் திரும்பி, நன்றாகக் கேட்கும்படியாகவே சொன்னார். "நாந்தானுங்க போட்டேன். நானே போட்டது."

அந்தப் பக்கம் டிவி நின்றது.

நான் கூடத்துக்கு ஓடினேன். சிமிட்டிக்கொண்டிருந்த விளக்கு நிலையாக எரிந்தது. அறைக்குள் நிவேதா மூச்சு வாங்கிக்கொண்டு, சொல்லுங்கள் டாக்டர், தெளிவாகக் கேட்கிறது என்றாள். அந்த வாரமும் அறவில்லை, அதற்கப்புறமும் அறவில்லை. வேலை நிரந்தரமாகி, இன்றைக்கும் அந்த வீட்டில் இருந்துகொண்டேதான் பார்க்கிறாள். செல்வம் அந்த பூஸ்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, மோடத்துக்குத் தனி வயரும் அந்த டிவிக்குத் தனி வயருமாகப் பிரித்துக் கொடுத்தான். அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்றைக்கு நான் பின்பக்கம் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, படுத்தபடி பேசுகிறவரின் அடைத்த குரல் வந்தது.

"அண்ணா... புள்ளைக்கு வேல கெடுதுன்னா அந்த வயர அத்துறச் சொல்லுங்க. எனக்கு டிவி வேண்டாமுங்க."

பொன்னுசாமி துண்டை வாயில் அழுத்திக்கொண்டார். வெளியூர்க்காரரான சாருக்கு இந்தத் தடத்துச் சண்டை, கோர்ட்டு, மொட்டை எதுவும் தெரியாது. புகார்ப் படிவத்தில் எழுதுவதற்காகப் பேனாவை எடுத்துக்கொண்டு, எல்லாரிடமும் கேட்பது மாதிரிதான் கேட்டார்.

"யாரு அது? அவரு உங்களுக்கு என்ன வேணும்?"

பொன்னுசாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"தம்பிங்க" என்றார். "எங்கூடப் பொறந்த தம்பிங்க."